ஒரே நாளில் எதிர்காலச் சக்கரம் சொல்லிக்கொடுக்க முடியுமா?

11-5-2025
கரூரிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி: சிறு முதலாளிகள், சூப்பர்வைசர்கள் என்று முப்பது பேருக்கு ஒருநாள் பயிற்சி நடத்த வேண்டும். ஸ்ட்ராட்டஜிக் ஃபோர்சைட் (வரக்கூடியதை முன்கூட்டியே யோசித்துத் தயாராவது) என்கிறார்களே, அதில் ஏதாவது ஒரு கருவியைக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்கிறார்கள். நான் படித்ததெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு எழுதியது. எதை எடுப்பது? ஒரு நாள் போதுமா?

12-5-2025
ஒரு நாள் போதும். எதிர்காலச் சக்கரத்தை எடுங்கள். 1971-இல் ஜெரோம் கிளென் என்ற அமெரிக்கர் மாணவராக இருந்தபோது உருவாக்கியது. நடுவில் ஒரு நிகழ்வை எழுதுகிறோம். அது நடந்தால் நேரடியாக என்ன ஆகும் என்பது முதல் சுற்று. அதில் ஒவ்வொன்றாலும் என்ன ஆகும் என்பது இரண்டாம் சுற்று. அப்புறம் மூன்றாவது. முதல் சுற்றை ஒற்றைக் கோட்டாலும், இரண்டாவதை இரட்டைக் கோட்டாலும், மூன்றாவதை மூன்று கோட்டாலும் இணைப்பது கிளென் வைத்த வழக்கம். அதை விட்டுவிடாதீர்கள். தூரத்தில் நின்று பார்த்தாலும் எது எந்தச் சுற்று என்று தெரியும்.

திருப்பூரில் பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு ஜூனில் நானும் ஒன்று நடத்துகிறேன். என் திட்டம் இதுதான்: மேசைக்கு ஆறு பேர். நடுவில் "2030-இல் தையலுக்கு ஆள் கிடைக்காது". காலை முழுக்கச் சக்கரம். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாவது கருவியாக நான்கு மூலைக் கட்டம். நடந்ததை இங்கேயே எழுதுகிறேன்.

13-5-2025
"இதற்கும் ஜோசியத்துக்கும் என்ன வித்தியாசம்" என்று கேட்டவருக்கு.

ஜோசியம் ஒரு பதில் சொல்கிறது. இங்கே பல பதில்களை விரித்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் நாம் என்ன செய்வோம் என்று ஒத்திகை பார்க்கிறோம். ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பியர் வாக் என்பவரின் குழு 1970களின் தொடக்கத்தில் செய்தது இந்த ஒத்திகைதான். எண்ணெய் உற்பத்தி செய்யும் நாடுகள் விலையைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்ற நிலைமையை நிர்வாகிகள் முன் வைத்தார்கள். 1973 அக்டோபரில் அரபு-இஸ்ரேல் போர் வந்தது. பீப்பாய் 3 டாலர் பக்கம் இருந்த விலை அடுத்த சில மாதங்களில் 12 டாலர் பக்கம் போனது. வாக் தேதி குறித்துக் கொடுக்கவில்லை. ஆனால் அந்த நிலைமையை ஏற்கெனவே ஒருமுறை யோசித்துப் பார்த்த ஆட்கள் அந்த நிறுவனத்துக்குள் இருந்தார்கள். பயிற்சியில் இதைச் சொல்ல இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். வந்திருப்பவர்களுக்கு ஷெல் முக்கியமில்லை.

2-6-2025
முதலில் குறித்த ஞாயிறு முகூர்த்த நாளாகிவிட்டது. எட்டுப் பேர் வருவதாகச் சொன்னார்கள், அவர்களும் "பந்திக்குப் போயிட்டு வந்துர்றேனுங்க" என்றார்கள். 15-ஆம் தேதிக்குத் தள்ளியிருக்கிறேன். நாள் குறிக்கும் முன் காலண்டரில் முகூர்த்தத்தைப் பாருங்கள். சனிக்கிழமையைத் தொடவே வேண்டாம், இங்கே அது வாரச் சம்பள நாள்.

16-6-2025
நேற்று முடிந்தது. 27 பேர் வந்தார்கள். பவர் டேபிள் (வரிசையாகத் தையல் மெஷின்கள்) வைத்து ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுப்பவர்கள், கட்டிங் மாஸ்டர்கள், டெய்லர்கள், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்கள், எக்ஸ்போர்ட் ஆபீசிலிருந்து பையரோடு ஆர்டர் பேசும் மூன்று மெர்ச்சண்டைசர்கள்.

இடம் ஒரு கட்டிங் கூடம், ஞாயிற்றுக்கிழமை ஓடாது. நாற்காலி போடவில்லை. துணியை விரித்து வெட்டும் அந்த நீள மேசைகளைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். நான் நினைத்ததைவிட இது நன்றாக அமைந்தது. தினமும் நின்று வேலை பார்க்கிற உயரம் அது. கை தானாக மேசைக்குப் போகிறது. மண்டபத்தில் நாற்காலி போட்டு நடத்தும்போது, எழுதச் சொன்னால் பாதிப் பேர் பக்கத்தில் இருப்பவரிடம் பேனாவைக் கொடுத்துவிடுவார்கள். இங்கே அது நடக்கவில்லை.

ஒட்டுச்சீட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். விசிறியைப் போட்டதும் முதல் சுற்று முழுக்கப் பறந்தது. விசிறியை நிறுத்தினால் புழுக்கம் தாங்கவில்லை. செக்கிங் செய்யும் ஓர் அக்கா மூலையில் கிடந்த அட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தார். டி-சர்ட்டை மடிக்கும்போது உள்ளே வைப்பார்களே, அந்த அட்டை. பறக்காது, பின்பக்கம் வெள்ளை, ஸ்கெட்ச் பேனாவால் நன்றாக எழுதலாம். கோட்டுக்குப் பதிலாக ஒரு டெய்லர் கட்டிங் வேஸ்டைக் கிழித்து நாடாவாக்கினார். பனியன் துணியை நாடாவாக வெட்டி ஓர் இழுப்பு இழுத்தால் இரண்டு ஓரமும் உள்ளே சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். முதல் சுற்றுக்கு ஒரு நாடா, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று. பேனாவால் போட்ட கோட்டை மாற்ற யாரும் மனம் வைப்பதில்லை. நாடாவை எடுத்து வேறு அட்டைக்குப் போட ஒரு நொடி போதும், ஆகவே போட்டுப் பார்க்கிறார்கள். இனி நான் எங்கே நடத்தினாலும் இப்படித்தான்.

சரி, தவறாகப் போனதைச் சொல்கிறேன். நடுவில் இருந்தது "2030-இல் தையலுக்கு ஆள் கிடைக்காது". இருபது நிமிடம் கழித்துச் சுற்றி வந்து பார்த்தால் எல்லா இடத்திலும் ஒரே அட்டைகள்: "கம்பெனியை மூட வேண்டியதுதான்", "கடன்", "சொந்த ஊருக்குப் போக வேண்டியதுதான்". நேராகக் கடைசிக்குப் போய்விட்டார்கள். இன்னொரு பக்கம், விளைவுக்குப் பதிலாகக் காரணத்தை எழுதியிருந்தார்கள்: "பசங்க படிக்கப் போயிட்டாங்க". இரண்டுமே என் தவறு. நான் தொடக்கத்தில் விளக்கியபோது தலையாட்டினார்கள், நான் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

மீட்டது ஒரே கேள்வி. பவர் டேபிள் வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் கேட்டேன்: "மூடறது ஆறாவது மாசம்னு வைங்கண்ணா. மொத மாசம் என்ன பண்ணுவீங்க?"

"ஒடிசாவுக்கு ஏஜென்ட்ட அனுப்புவேன்."

"அதனால?"

"அட்வான்ஸ் கொடுக்கோணும். வட்டிக்கு வாங்கித்தான் கொடுக்கோணும்."

"அதனால?"

கொஞ்சம் யோசித்தார். "வட்டி கட்டறதுக்காக எந்த ரேட்டு வந்தாலும் ஆர்டர் எடுப்பேன். இப்பவே அப்படித்தான் எடுத்துட்டு இருக்கறேன்."

அந்த மேசையில் அதற்குப் பிறகு யாரும் "மூடல்" என்று எழுதவில்லை.

17-6-2025
12-5 குறிப்புக்குத் திருத்தம். மேசைக்கு ஆறு பேர் வேண்டாம், நான்கு பேர். ஐந்தாவது ஆளும் ஆறாவது ஆளும் போனைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அட்டைக்குக் கை எட்டவில்லை.

நடுவில் எழுதுவது ஒரு நிகழ்வாக இருக்க வேண்டும், ஒரு தலைப்பாக இருக்கக் கூடாது. "ஏஐ" என்று ஒரு மேசை எழுதியது, ஒன்றும் நகரவில்லை. "அடுத்த தீபாவளிக்குள் நம் பையர் செக்கிங்குக்குக் கேமரா வைக்கச் சொல்கிறார்" என்று மாற்றினோம். பத்து நிமிடத்தில் இரண்டு சுற்று நிறைந்தது.

19-6-2025
நான்கு மூலைக் கட்டம் என்ன ஆனது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அன்று எழுதத் தவறிவிட்டேன்.

முறை சுலபம். மிகவும் முக்கியமான, எந்தப் பக்கம் போகும் என்று தெரியாத இரண்டு விஷயங்களை எடுத்து, ஒன்றைக் கிடைக்கோடாகவும் ஒன்றைச் செங்குத்தாகவும் வைத்தால் நான்கு மூலை கிடைக்கும். மூலைக்கு ஒரு கதை. சிக்கல் அந்த இரண்டு கோட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான். எங்கள் ஆட்கள் எடுத்தது "ஆர்டர் கூடுமா குறையுமா", "வருமானம் கூடுமா குறையுமா". ஆர்டர் குறைந்தால் வருமானமும் பெரும்பாலும் குறையும். அப்படியிருக்க, நான்கில் இரண்டு மூலை வெறுமையாகக் கிடந்தது. ஒன்றையொன்று இழுக்காத இரண்டு கோடு வேண்டும். சோதனை: நான்கு மூலையிலும் நம்பும்படி ஒரு கதை சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் கோட்டை மாற்று. இதைப் புரியவைக்கவே அரை நாள் ஆகும். அதுவும் சாப்பிட்ட பிறகு, நின்றுகொண்டே.

ஆகவே ஒரு நாளுக்கு ஒரு கருவி. 12-5-இல் நான் சொன்ன இரண்டாவதை அடித்துவிடுங்கள்.

30-6-2025
முதலாளிகள் இருக்கும் மேசையில் தொழிலாளி பேசுவாரா என்ற கேள்வி. பேச மாட்டார். நேற்று முழுக்க ஜூன் அட்டைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். கலந்து நிற்கவைத்த மேசைகளில் எல்லா அட்டையும் ஒரே கையெழுத்து. ஜனநாயகம் என்று நினைத்துத்தான் கலந்தேன், அது வேலை செய்யவில்லை. அடுத்த முறை தனித்தனி மேசை, ஆனால் நடுவில் ஒரே நிகழ்வு. கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அந்த அட்டைகளோடு இருந்தபோது இன்னொன்றும் தோன்றியது. மனது அதிலேயே நிற்கிறது. இவர்களுக்கு விளைவுகளின் சங்கிலி தெரியாமல் இல்லை. வாழ்ந்து பார்த்தவர்கள். 2011-இல் சாயப்பட்டறைகள் மூடியது, 2016 நவம்பரில் 500, 1000 நோட்டு செல்லாமல் போனது, 2020 ஊரடங்கு, எல்லாவற்றையும் கடந்தவர்கள். தெரிந்ததை எடுத்து அட்டையில் வைக்கும் பழக்கம்தான் இல்லை. அதை எதிர்காலத்தில் பழக்கப் பார்த்தேன். கடந்த காலத்திலேயே பழக்கியிருக்க வேண்டும்.

14-7-2025
இரண்டாவது பயிற்சி நேற்று. 24 பேர், ஆறு குழு. நீளமாக எழுதப் போகிறேன், ஏனென்றால் இந்த இழையில் நான் சொல்ல வந்தது இதுதான்.

அறிமுகமே இல்லை. 9.40-க்கு நடுவில் ஓர் அட்டை: "28-1-2011. சாயப்பட்டறைகள் மூடல்." சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் அன்று 700-க்கு மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னார்கள். கழிவுநீர் நொய்யல் ஆற்றில் போய், ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாயிகள் பல வருடம் வழக்கு நடத்தியதன் முடிவு அது. அப்போது எங்கே இருந்தீர்கள், அடுத்த வாரம் என்ன ஆனது என்று மட்டும் கேட்டேன்.

கூடத்தில் சத்தம் கூடிவிட்டது. முதல் சுற்று ஐந்து நிமிடம்: பின்னிய துணி வெள்ளையாகவே குடோனில் கிடந்தது, சாயம் போட வேறு ஊருக்கு லாரி ஏற்றினோம். ஒரு நாடா. இரண்டாம் சுற்று: சரக்கு லேட், கப்பலில் போக வேண்டியதை விமானத்தில் சொந்தச் செலவில் அனுப்பினோம், தையலுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. இரண்டு நாடா. மூன்றாவதில்தான் நான் எதிர்பார்க்காததெல்லாம் வந்தது. "லைன் வீடு காலியாச்சு, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க வீட்டுக்காரர்கிட்ட பணம் இல்லை." "பேக்கரியில கடன் நோட்டு போட்டாங்க." "பொண்ணுக்கு டிசி வாங்கிட்டு ஊருக்குப் போயிட்டோம், மறுபடி வந்தப்ப சேத்துக்கல." கடைசியில் சொன்ன அக்கா அந்த அட்டையை எழுதிவிட்டு, வைக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் மூன்று நாடாவையும் அவரே எண்ணி எடுத்து இழுத்துப் போட்டார்.

கட்டிங் மாஸ்டர் ஒருவர் இன்னொரு பக்கம் திரும்பினார்: "நல்லதும் ஆச்சுங்க. நம்ம ஊருப் பக்கம் ஆத்துல நுரை கொறஞ்சுது." அவர் நொய்யல் கரைக்காரர். அதற்கும் ஓர் அட்டை. விளைவு என்றாலே கெட்டது என்ற நினைப்பு அங்கே உடைந்தது. அதன் பிறகு நான் "இதில் யாருக்கு லாபம்?" என்று கேட்கவே தேவையில்லாமல் போயிற்று.

இவ்வளவுக்கும் ஒன்றே கால் மணி நேரம். டீ வந்தபோது சொன்னேன்: நீங்கள் இப்போது போட்டதற்குப் பெயர் எதிர்காலச் சக்கரம். 2011 ஜனவரியில் ஒரு மணி நேரம் இதைப் போட்டிருந்தால் எந்தெந்த அட்டை முன்பே தெரிந்திருக்கும்? அவர்களே கையை வைத்துக் காட்டினார்கள். முக்கால்வாசி அட்டை தெரிந்திருக்கும் என்றார்கள். பள்ளிக்கூட அட்டை தெரிந்திருக்காது என்றார் அந்த அக்கா.

டீக்குப் பிறகு எதிர்காலம். இரண்டு நிகழ்வு வைத்தேன். ஒன்று, அமெரிக்கா நம் துணிக்கு வரியை 26 சதவீதம் உயர்த்துகிறது. ஏப்ரலில் அறிவித்து, பிறகு தள்ளி வைத்த கணக்கு. இன்னொன்றை ஒடிசாவிலிருந்து வந்து பன்னிரண்டு வருடமாகத் தைக்கும் ஒரு தம்பி கொடுத்தான்: "எங்க ஊர் பக்கத்துலயே பெரிய தையல் கம்பெனி வந்துருச்சுன்னா?" ராஞ்சி பக்கமும் புவனேஸ்வர் பக்கமும் அப்படி ஆலைகள் ஏற்கெனவே வந்திருக்கின்றன. அவனுக்குத் தமிழ் எழுத வராது. அட்டையில் படம் போட்டான். ஒரு ரயில், அதில் காலிச் சன்னல். முதலாளிகள் குழு "ஆள் வராது" என்று எழுதியிருந்த இடத்தில், அவன் மூன்றாம் சுற்றில் ஒரு வீட்டைப் போட்டு வாசலில் ஒரு பெண்ணை வரைந்திருந்தான். "வீட்டுக்காரி டெய்லி என்ன பார்ப்பா," என்றான். ஆள் பற்றாக்குறை என்று நாம் பேசுவது அவனுக்கு அதுதான்.

நான்கு பேர், தனித்தனிக் குழு, முதலில் கடந்த காலம். இதை மாற்றாதீர்கள்.

15-7-2025
நேரக் கணக்கு கேட்டவருக்கு, முந்தாநாள் ஓடியபடியே: 9.40 முதல் 11 வரை பழைய நிகழ்வு. 11.20 முதல் 1 மணி வரை புதிய நிகழ்வு, இரண்டு சுற்று மட்டும். 1.45-க்கு மூன்றாம் சுற்று. 2.30-க்கு ஒரு குழுவின் மேசையை இன்னொரு குழு போய்ப் படிப்பது. 3 மணியிலிருந்து முன்னறிகுறி.

கடைசியில் இருப்பதை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் சக்கரம் அங்கேயே நின்றுவிடும். ஓர் அட்டையைச் சுட்டி, "இது வரப்போகிறது என்று எதைப் பார்த்தால் முதலில் தெரியும், யார் கண்ணில் படும்?" என்று கேட்க வேண்டும். வந்த பதில்கள்: மாதப் பிறப்பில் மில்கள் சொல்லும் நூல் விலை. பையர் கேட்கும் சாம்பிள் எண்ணிக்கை. சத் பூஜைக்கு (பீகார்ப் பக்கத்துப் பண்டிகை) ஊருக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்பது. ஒன்றரை ஷிப்டு ஒரு ஷிப்டாகக் குறைவது. இந்தக் கடைசி அறிகுறி முதலில் தெரிவது டெய்லருக்கு, எக்ஸ்போர்ட் ஆபீசுக்கு இல்லை.

25-7-2025
நேற்று பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. நடைமுறைக்கு வந்தால் நம் ஆயத்த ஆடை அங்கே வரியில்லாமல் போகும். காலையிலேயே ஒரு மெர்ச்சண்டைசர் போன் செய்து, "இதை நடுவுல வெச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டார். கட்டாயம் பாருங்கள். நல்ல செய்திக்கும் இரண்டாம் சுற்று உண்டு: எல்லோரும் ஒரே நேரத்தில் ஆள் எடுப்பார்கள், நூல் கேட்பார்கள், லைன் வீட்டு வாடகை ஏறும்.

28-8-2025
நேற்று முதல் அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதம். ஆகஸ்ட் 7-இல் 25, நேற்று இன்னொரு 25.

"26 என்று வைத்து ஒரு நாள் முழுக்கப் பேசினீர்கள், 50 வந்திருக்கிறது, என்ன பிரயோஜனம்?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கோபம் நியாயமானது, அவரும் இதே ஊர்தான். எண்ணைக் கண்டுபிடிக்க இந்தக் கருவியால் முடியாது, முடியும் என்று நான் எங்கேயாவது எழுதியிருந்தால் தவறு. ஜூலையில் 50 என்று ஓர் அட்டை வைத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எண்ணை வைத்து ஒரு நிகழ்வு எழுதினால், அதைப்போல இரண்டு மடங்கும் பாதியும் வைத்து இன்னும் இரண்டு அட்டை எழுத வேண்டும். இது என் பாடக்குறிப்பில் இல்லாதது, இப்போது சேர்த்துவிட்டேன்.

ஆனால் பவர் டேபிள் அண்ணன் இன்று காலை சொன்னதையும் பதிவு செய்கிறேன். பையர் தள்ளுபடி கேட்பார், எக்ஸ்போர்ட்டர் அதை ஜாப் ஒர்க் ரேட்டில் குறைப்பார் என்பது அவர்கள் மேசையில் இரண்டாம் சுற்று. ஜூலை முடிவிலேயே உள்நாட்டு ஆர்டர் கொடுக்கும் இரண்டு பேரிடம் பேசி, நான்கு மெஷினை அதற்கு ஒதுக்கிவிட்டாராம். மீதி மெஷினுக்கு வழி இல்லை. அதையும் அவரேதான் சொன்னார்.

8-9-2025
நேற்று ஞாயிறு. ஜூலையில் வந்தவர்களில் பதினொரு பேர் அதே கட்டிங் கூடத்தில் கூடினோம். அட்டைகளைச் சுற்றுவாரியாகக் கட்டி வைத்திருந்தேன், போட்டோ பார்த்து அப்படியே மறுபடி விரித்தோம். நடந்தது, நடக்காதது, வேறு மாதிரி நடந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

செக்கிங் அக்கா தங்கள் குழு மூன்றாம் சுற்றில் வைத்த ஓர் அட்டையை எடுத்தார்: "வாரச் சம்பளம் தள்ளிப் போகும்." வரி, ஆர்டர் நிற்பது, கம்பெனியில் பணம் முடங்குவது, அதன் பிறகு சம்பளம் என்று மூன்று நாடா போட்டிருந்தார்கள். "எங்களுக்கு அப்படி வரலீங்க," என்றார். ஒரு கம்பெனியில் ஆர்டர் நிற்பதற்கு முன்பே, செய்தி வந்த வாரமே, "அடுத்த சனிக்கிழமை பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார்களாம். மூன்று நாடாவையும் உருவி, அட்டையை நடுவுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரே நாடாவைப் போட்டார். எதிரில் முதலாளிகள் குழுவின் சக்கரத்தில் அதே அட்டை மூன்று நாடாவோடு இருந்தது. இரண்டு அண்ணன்கள் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர், "எங்ககிட்ட இன்னும் அங்கதான் இருக்குது," என்றார் மெதுவாக.

ஆக, 14-7 குறிப்பில் ஒரு திருத்தம். குழுக்களைத் தனித்தனியாக வைத்தால் மட்டும் போதாது. ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் இது யாருக்கு என்று எழுத வேண்டும். ஒருவரின் மூன்றாம் சுற்று இன்னொருவருக்கு முதல் சுற்றாக இருக்கிறது, அட்டையில் ஆள் இல்லாவிட்டால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. அடுத்த முறைக்கு அட்டைகளில் மூலையைக் கோடு போட்டுப் பிரித்து வைத்திருக்கிறேன்: முதலாளி, டெய்லர், செக்கிங், லைன் வீட்டுக்காரர், ஊரில் இருக்கும் குடும்பம். கடைசியாக இருப்பது அந்தத் தம்பிக்காக.

கரூர் வாசகருக்கு: உங்கள் தேதி அக்டோபர் என்று எழுதியிருந்தீர்கள். அட்டை வேண்டுமானால் சொல்லுங்கள், ஒரு கட்டு மிச்சம் இருக்கிறது. நாடா உங்கள் ஊர்த் துணியில் சுருளுமா என்று முதலில் இழுத்துப் பாருங்கள்.